டோன் குமிழில் ஒரு பொட்டு

ஜனவரி 17, செவ்வாய்

இந்த டைரியை மில்லுக்கு வருகிற நூல் கமிஷன்காரர் பொங்கலுக்குக் கொடுத்தார். முதல் பதினாறு பக்கம் வெறுமனே போய்விட்டது, போகட்டும். மில் எலக்ட்ரிகல் பிரிவில் முப்பது வருடமாக லாக் புத்தகம் எழுதுகிறவன் நான். என்ன பழுது, என்ன செய்தேன், என்ன நிலை. அதே மாதிரி என் கிட்டாரைப் பற்றி இதில் எழுதப்போகிறேன். நாளைக்கு யாரும் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தான் என்று சொல்லக்கூடாது.

பழுது: கிட்டார் சத்தம் மழுங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் ஜோதிமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் நொய்யல் இன்னிசைக் குழுவை நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசமா உங்க கிட்டாரு காதக் குத்துதுங்ணா. நோம்பிக்குள்ள சரி பண்ணீருங்க. இல்லீன்னா அந்த ஆரம்பத்த நானே கீபோர்டுல வாசிச்சுக்கறேன்."

மார்ச் 15, சூலூர் பக்கம் மாரியம்மன் கோயில் நோம்பி, அந்தத் திருவிழாவில் எங்கள் கச்சேரி. 'அந்த ஆரம்பம்' என்று அவர் சொன்னது, நாங்கள் கடைசியாக வாசிக்கும் பாட்டின் முதல் அரை நிமிடம். தபலா கிடையாது, டிரம்ஸ் கிடையாது, கிட்டார் மட்டும். இருபத்திரண்டு வருடமாக அது என்னுடையது. அதுவும் போய்விட்டால் அப்புறம் நான் மேடையில் நிற்பதும் ஒன்றுதான், கீழே உட்கார்ந்து சுண்டல் தின்பதும் ஒன்றுதான்.

குத்துகிறது என்று அவர் சொல்கிறார். எனக்கோ போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். பிக்கப்பை மாற்ற வேண்டும். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றித் தாமிரக் காயிலுமாக இருக்கிறதே, அதுதான் பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அது. என் கிட்டாரில் மூன்று இருக்கின்றன, மூன்றும் ஒற்றைக் காயில். மில் மோட்டாருக்குள்ளே இருப்பதும் காயில்தான். காயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜனவரி 19, வியாழன்

மூன்றையும் மீட்டரில் அளந்தேன். 5.8, 5.9, 6.1 கிலோ ஓம். நல்ல ஆரோக்கியம். மீட்டர் பொய் சொல்லாது என்று மில்லில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இன்றைக்கு முதல் தடவையாக மீட்டரை நம்பவில்லை. காந்தம்தான் செத்திருக்க வேண்டும்.

ஜனவரி 20, வெள்ளி

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது என்று பேட்டரி மாற்றினேன். ஓடிக்கொண்டுதானே இருந்தது என்கிறாள் என் மனைவி தெய்வானை. டிக் டிக் இல்லாமல் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன.

ஜனவரி 22, ஞாயிறு

செய்தது: கடைசிப் பிக்கப்பைக் கழற்றி, பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, கூடுதல் சுற்றுப் போட்டுப் புதிதாகச் சுற்றலாம் என்று உட்கார்ந்தேன். இருபது குதிரைசக்தி மோட்டாரைச் சுற்றிய கை இது. ஆனால் இந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. ஆறு முறை அறுந்தது. ஏழாவது முறை கம்பி சுற்றுகிற பாபினே உடைந்தது.

நிலை: முன்பு மழுங்கிய சத்தம். இப்போது அந்தப் பிக்கப்பில் சத்தமே இல்லை.

தெய்வானை வந்தாள். வழக்கம்போல என் தோளைத் தொட்டு, முன்னால் வந்து நின்று, மேசையில் கிடந்த கம்பிக் குப்பையைப் பார்த்தாள். மில் ஜாடையில் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள். இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பின்னிங் பிரிவில் அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேச முடியாது. கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அங்கே அறுந்த நூலைச் சேர்க்கிற வேலையில் இருந்தாள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை, வீட்டிலும் பாதி ஜாடைதான்.

ஜனவரி 29, ஞாயிறு

டவுன்ஹால் பக்கம் வின்சென்ட் கடைக்குப் போனேன். அவர் கடை ஆம்ப்ளிஃபயர்களை எத்தனையோ தடவை நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த நன்றிக்கு மூன்று செட் பிக்கப்பைக் கையில் கொடுத்து, வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் பாக்கு மென்றுகொண்டு அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினால் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

வெள்ளை மூடி: பழைய முறையில் செய்தது. சுற்று குறைவு. கணீரென்று இருக்குமாம்.
கறுப்பு மூடி: சுற்று அதிகம். சத்தம் தூக்கலாகவும் தடிப்பாகவும் வருமாம்.
மஞ்சள் மூடி: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காயில். ஒற்றைக் காயிலுக்கே உரிய 'ம்ம்ம்' இரைச்சல் இதில் வராதாம்.

பிப்ரவரி 1, புதன்

வெள்ளையைப் பொருத்தினேன். இரைச்சல் நன்றாகக் கேட்கிறது, கம்பிதான் கேட்கவில்லை. கணீராம், வெங்காயம். வின்சென்டை எவனோ ஏமாற்றியிருக்கிறான்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கறுப்பு. வெள்ளையே தேவலை.

பிப்ரவரி 9, வியாழன்

மஞ்சள். சொன்னபடியே இரைச்சல் சுத்தமாக இல்லை. கிட்டாரே இல்லாத மாதிரி இருந்தது. ஆம்ப் செத்துவிட்டதோ என்று இரண்டு தடவை ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தேன். 'ம்ம்ம்' என்று ஒரு முணுமுணுப்பாவது இருந்தால்தான் லைனில் உயிர் இருக்கிறது என்று தெரிகிறது.

மறுபடி வெள்ளையையே போட்டு, கிட்டாரில் டோன் குமிழையும் ஆம்பில் மேல் சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழையும் கடைசிவரை திருப்பி வைத்தேன். இப்போதுதான் கொஞ்சம் சுமார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

எழுதவே மனமில்லை. எழுதுகிறேன்.

ஒத்திகையில் அந்த ஆரம்பத்தை வாசித்தேன். நாலாவது சுரம் போகும்போதே பாடகி சுகன்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. டிரம்ஸ்காரர் முகத்தைத் திருப்பினார். ஜோதிமணி கையைத் தூக்கி நிறுத்தினார். ஸ்லேட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் விடவில்லை. மிக்சரில் உட்கார்ந்து எல்லோர் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் புது ஆளுக்குத் தொழில் தெரியவில்லை, சகாயம் இருந்தவரைக்கும் இந்தப் பேச்சே எழவில்லையே என்று கத்தினேன். சகாயம் எங்கள் பழைய மிக்சர்காரர். நவம்பரில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் இருக்கிறார்.

ஜோதிமணி கீபோர்டில் அந்த ஆரம்பத்தை வாசித்துக் காட்டினார். ஒரு பிசகும் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததைத் தெய்வானையிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், மிக்சர்காரன் கதையும் அதுதான் என்றேன். அவள் எப்போதும் எதற்காவது சிரிப்பாள். இதற்குச் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

மில்லில் மூன்றாம் நம்பர் ஹ்யூமிடிஃபிகேஷன் மோட்டார் பேரிங் மாற்றியது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

காலையில் கிட்டாரைப் பிரித்துப் போட்டு, எங்காவது சால்டர் விட்டிருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்பது வழக்கம். தொட்டால் 'கீ' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. பேட்டரி மாற்றினேன், கத்தவில்லை. அலமாரியிலிருந்து பழைய மீட்டரை எடுத்தேன். அதுவும் ஊமை. ஒரே நாளில் இரண்டு மீட்டர் போகுமா என்று முனைகளை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

தெய்வானை சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். முன்னால் வந்து நின்றாள்.

"என்னுங்க, அந்தக் கீச்சுச் சத்தத்த நிறுத்துங்க. பல்லுக் கூசுது."

எந்தச் சத்தம் என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, மாவுக் கையோடேயே முனைகளை வாங்கிப் பிரித்தாள். "இப்ப இல்லீங்க" என்றாள். சேர்த்தாள். "இப்ப இருக்குதுங்க." மறுபடி பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். முனைகள் சேரும்போதெல்லாம் அவள் கண் லேசாகச் சுருங்கியது. எனக்குக் கேட்டது அவ்வளவுதான், அவள் கண் சுருங்கியது.

எனக்குப் பின்னால் போய் ஏதாவது பேசச் சொன்னேன். போனாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ம், பேசு என்றேன். தோளில் அவள் கை பட்டது. முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பேசீட்டேனுங்க."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஆறு வருடமாக என்றாள். ஒரு தடவை சொன்னாளாம். என்னைச் செவிடன் என்கிறாயா என்று கத்திவிட்டு இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. தோளைத் தொட்டு, முன்னால் வந்து, முகத்துக்கு நேரே பேசப் பழகிக்கொண்டாள். நான் அதை மில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற ஆளுக்குக் காது போனது எப்படித் தெரியும்? முப்பது வருடமாக மில்லில் எனக்குக் காது தேவைப்பட்டதே இல்லை. காதில் வைக்கச் சொல்லிக் கொடுத்த அடைப்பானை, 'பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்' என்று கிண்டலடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் நான்.

பழுது: கிட்டாரில் இல்லை.

நல்ல காயிலை என் கையாலேயே உருவி எறிந்தேன். மீட்டர் முதல் நாளே சொன்னது.

பிப்ரவரி 22, புதன்

சகாயத்தைப் பார்க்கப் போனேன். காலில் கட்டுப் பிரித்தாயிற்று, கைத்தடியோடு நடக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. டீ வந்து, குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார். மூன்று வருடமாக மிக்சரில் என் லைனில் மட்டும் டிரெபிளைப் பாதிக்குமேல் குறைத்தே வைத்திருந்தாராம். நான் ஆம்பில் ஏற்ற ஏற்ற, அவர் அங்கே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். புது ஆளுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டதாம். அவர் கால் முறிந்தபோதுதான் ஊருக்கு என் சத்தம் உள்ளபடியே கேட்டிருக்கிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வாசிப்புல ஒரு கொறையும் இல்லீங்களே, நாச்சிமுத்து. சத்தம் தானுங்களே, அத நான் பாத்துக்கறனுங்க."

திரும்பி வரும்போது சிங்காநல்லூர் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எனக்குத் தெரியாமல் எனக்காக ஒரு மனுஷன் மூன்று வருடம் ஒரு குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு டீகூட நான் உருப்படியாக வாங்கிக் கொடுத்ததில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றாள். உனக்குக் காது இருக்கிறது, எனக்கு விரல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆள் ஆகும் என்றேன்.

அவளை எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கறுப்பை மாட்டி வாசித்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்தாள். தடிப்பு. மஞ்சளை மாட்டினேன். கொஞ்சம் யோசித்து, மோசமில்லை என்று தலையை ஆட்டினாள். வெள்ளையை மாட்டியதும் முகம் சுளித்தாள். ஆனால் கவிழ்க்கவில்லை. எழுந்து வந்து ஆம்பின் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தாள். கிட்டாரின் டோன் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே என்னை வாசிக்கச் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு திருப்புக்கும் சத்தம் ஒரு படி கிணற்றுக்குள் இறங்கியது. அவளுக்கோ முகம் ஒவ்வொரு படியாக மலர்ந்தது. ஓரிடத்தில் ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே நேராக இழுத்துக் காட்டினாள். இழை ஓடுகிறது.

"இதுதானுங்க. நம்ம பழைய கிட்டாரு இப்படித்தானுங்க பாடும்."

மஞ்சளில் இரைச்சலே வராதே, அது வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த 'ம்ம்ம்' எனக்கு முழுசாகக் கேட்கிறது. என் கிட்டாரில் எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் ஏன் விட வேண்டும்.

குமிழ் நிற்கும் இடத்துக்கு அடையாளம் வைக்க மார்க்கர் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குமிழின் மேல் ஒட்டினாள். பொட்டு கம்பிக்கு நேராக இருந்தால் சரி, விலகினால் தப்பு. முப்பது வருடத்தில் இவ்வளவு சுலபமான மீட்டரை நான் பார்த்ததில்லை.

மார்ச் 5, ஞாயிறு

ஒத்திகைக்குப் போய், கிட்டாரை எடுப்பதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எனக்குக் காது கேட்பதில் கோளாறு, மேல் சத்தமெல்லாம் போய்விட்டது, போன மாதம் மிக்சர் தம்பியைத் திட்டியது தப்பு. அந்தத் தம்பியிடம் மன்னிப்பும் கேட்டேன். சுகன்யா அழுதுவிட்டது. அது எதற்கெடுத்தாலும் அழும்.

அப்புறம் பொட்டை நேராக வைத்து, ஆம்ப் குமிழை நடுவில் வைத்து, அந்த ஆரம்பத்தை வாசித்தேன். எனக்குக் கேட்டது பாதிதான். மீதியை விரல் பார்த்துக்கொண்டது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஜோதிமணி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தார். நோம்பிக்கு நீங்களே வாசியுங்கள் அண்ணா என்றார். அதோடு நிற்கவில்லை. அவர் அப்பாவும் மில்காரர்தானாம், கடைசிக் காலத்தில் வீட்டில் யாரோடும் பேசாமலே இருந்தாராம், கோபம் என்றே எல்லோரும் நினைத்தார்களாம். உங்கள் விஷயத்தில் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர்களுக்கு நடுவில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். கிட்டாரைத் திட்டிய நேரத்தில் இதைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

மார்ச் 15, புதன்

நோம்பி. மாவிளக்கு முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கச்சேரி. மேடையைச் சுற்றிலும் சீரியல் செட் விளக்கு, பக்கத்தில் ஜெனரேட்டர். ஒற்றைக் காயிலுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கிட்டார் பன்றிக்குட்டி மாதிரி உறுமியது. நான் எலக்ட்ரீசியன் என்பது நல்லதாகப் போயிற்று. ஆம்புக்குத் தனி லைன் இழுத்து, எர்த்தைச் சரிசெய்து, உறுமலை முணுமுணுப்பாக்கினேன். அதற்குமேல் குறைக்கவில்லை.

சகாயம் கைத்தடியோடு வந்து மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என் லைனில் கை வைக்கவே இல்லை என்று பின்னால் சொன்னார்.

கடைசிப் பாட்டு. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பொட்டைப் பார்த்தேன், நேராக இருந்தது. முணுமுணுப்பு கேட்டது, லைனில் உயிர் இருந்தது. தெய்வானை முன்வரிசையில், என் கண்ணுக்கு நேரே. வாசித்தேன். கூட்டத்துக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் விரலை உயர்த்தி மேலிருந்து கீழே இழுத்தாள். இழை ஓடுகிறது. முடியும்வரை அந்த விரலைக் கீழே போடவில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். கைதட்டல் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

மார்ச் 27, திங்கள்

காது பரிசோதனை முடிந்தது. ஒரு வரைபடம் கொடுத்தார்கள். பார்த்ததுமே புரிந்தது. நாலு கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் பெரிய பள்ளம். மில் சத்தம் தோண்டிய பள்ளம்தானாம், இனி நிரம்பாது. இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக்கொள்ளலாம், மேல் சத்தம் கொஞ்சம் திரும்பும் என்றார்கள். வைத்துவிட்டேன். இனி மில்லுக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட்டு அடைப்பானும் வைப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டர் முனைகளைத் தொட்டேன். கீ என்றது. எவ்வளவு அசிங்கமான சத்தம். பத்துத் தடவை தொட்டுப் பார்த்தேன். கடிகாரம் டிக் டிக் என்கிறது. கிட்டாரை எடுத்துப் பொட்டு இருக்கும் இடத்திலேயே வைத்து வாசித்தேன். அவள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். குமிழை ஒரு மயிரிழைகூட நகர்த்தவில்லை.

மத்தியானம் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னுங்க, சோறு ஆறுதுங்க." ஆறு வருடத்தில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து நான் கேட்ட முதல் பேச்சு. அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காலடி கிட்டே வந்தது, அதுவும் கேட்டது. தோளில் கை வைத்தாள். முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, சோறு ஆறுகிறது என்று இன்னொரு தடவை சொன்னாள். அப்போதுதான் கேட்ட மாதிரி எழுந்துபோனேன்.

முதல் தடவையே கேட்டுவிட்டது என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.